பழம்பிரதியைக் காட்டும் கட்டளை: ஒரு திறனாய்வு

ஒரு நூல் திருத்தப்படும்பொழுது அதன் முந்திய நிலை யாதாகின்றது என்பது பதிப்பியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஏட்டுச்சுவடிக் காலத்திலே பழுதுற்ற ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின்னர் மூல ஏடு அழிய விடப்படுவதுண்டு. அச்சு வந்த பின்னர், இரண்டாம் பதிப்பு வெளியானதும் முதற்பதிப்பு கடைகளினின்றும் மெல்ல மறைந்தது. கணினிக் கோப்பின் நிலையோ இவற்றினும் இரங்கத்தக்கது. ஒரு விசையை அழுத்தியதும் பழையதன் இடத்திலேயே புதியது எழுதப்பட்டுவிடுகின்றது. அழிந்தது யாதென்று சொல்ல அடித்தல் திருத்தல்தானும் எஞ்சுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டுத் தோன்றியவையே திருத்தநிலைக் களஞ்சியங்கள். இவற்றுள் இடப்பட்ட கோப்பொன்று ஒவ்வொரு பதிவின்போதும் எந்நிலையில் இருந்ததோ அந்நிலை அழியாது வைக்கப்படுகின்றது. அவ்வாறு வைக்கப்பட்ட பழைய நிலையொன்றைத் திரையிலே எடுத்துக்காட்டும் சிறு கட்டளை 'கேட்' என வழங்கும். அக்கட்டளையை மதிப்பிடுவதும், மலையகத் தமிழரின் வாய்மொழி வழக்காறுகளைப் பேண முனைவோருக்கு அது எத்துணை பயன்படும் என்பதைக் கலவானப் பிரதேசத்தை மனங்கொண்டு ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிக் கட்டளையொன்று இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியதா என வினவப்படலாம். எழுத்தாணியும் அச்சுப்பொறியும் தமிழ் நூல்களின் வடிவத்தை எவ்வளவு தீர்மானித்தன என்பதை அறிந்தோர் இவ்வினாவை எழுப்பார். வாசகன் கையிற் கிடைப்பது எந்தப் பிரதி என்பதைத் தீர்மானிக்கும் யாவும் திறனாய்வுக்கு உட்பட்டனவே.

தோற்றமும் வளர்ச்சியும்

1971ஆம் ஆண்டில் வெளியான யுனிக்ஸ் இயக்கமுறைமையின் முதலாவது கையேட்டிலேயே 'கேட்' என்னும் கட்டளை இடம்பெற்றது. தொடுத்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அப்பெயர். பல கோப்புகளைத் தொடுத்துத் தருவது அதன் தொழிலாயினும், ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் விரித்துக் காட்டுவதற்கே அது பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. அதற்கு மறுவருடம், 1972இல், பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொக்கைன்ட் என்பார் மூலநிரல்களின் திருத்தநிலைகளைப் பேணும் முறைமையொன்றை உருவாக்கினார். எல்லாத் திருத்தங்களையும் ஒரே கோப்பினுள் ஒன்றோடொன்று பின்னி, எவ்வரி எத்திருத்தத்துக்கு உரியது என்று அடையாளமிட்டு வைப்பது அவர் கையாண்ட முறை. 1980களின் தொடக்கத்திற் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் டிச்சி வேறொரு முறையைக் கைக்கொண்டார். அண்மைய நிலையை முழுமையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிச் செல்வதற்கு வேண்டிய வேறுபாடுகளை மாத்திரம் குறித்து வைப்பது அவரது முறையாகும். இவ்விரண்டிலும், வெளியெடுக்கும் கட்டளையோடு 'பீ' என்ற குறியைச் சேர்த்தாற் பழைய நிலை புதிய கோப்பாக எழுதப்படாது திரையில் மாத்திரம் தோன்றும்.

2000ஆம் ஆண்டிற் பணி தொடங்கி 2004இல் முதலாம் முழுப்பதிப்பைக் கண்ட சப்வேர்ஷன் என்னும் முறைமை, இத்தொழிலுக்கு 'கேட்' என்ற பெயரையே வெளிப்படையாக வழங்கிற்று. 2005 ஏப்பிரலில் லினஸ் டோவால்ட்ஸ் தொடக்கிவைத்த கிட், அதே மாதத்தில் மற் மக்கோல் தொடக்கிவைத்த மேர்க்கூரியல் ஆகிய இரண்டும் களஞ்சியத்தை ஒரு நடுவிடத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைக்கும் வழியைக் கைக்கொண்டன. மேர்க்கூரியலில் 'கேட்' அப்பெயராலேயே உண்டு. கிட்டில் அத்தொழிலை 'ஷோ', 'கேட்-ஃபைல்' என்னும் இரு கட்டளைகள் பகிர்ந்துகொள்கின்றன.

காட்டுதலும் மாற்றாமையும்

இக்கட்டளையின் தலையாய சிறப்பு அதன் அடக்கத்திலேயே தங்கியுள்ளது. அது பழையதைக் காட்டும். நிகழ்காலப் பிரதியைத் தொடாது. களஞ்சியம் முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளைகள் வேறு உள. அவற்றைக் கையாளுவோர் தமது இன்றைய பணியைக் குலைத்துக்கொள்ள நேரிடலாம். 'கேட்' கட்டளையினால் அத்தகைய இடர் இல்லை. திரையில் வந்தது திரையோடு போகும்; வேண்டுமாயின் அதனை மற்றொரு கட்டளைக்குக் கையளித்துச் சொற்களைத் தேடலாம், எண்ணலாம், இன்றைய பிரதியோடு ஒப்புநோக்கலாம்.

பதிப்பாசிரியர்களின் பணியோடு இதனை ஒப்பிடுதல் பொருத்தமானதாகும். 1887ஆம் ஆண்டு சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டனர். பல ஏடுகளை ஒப்புநோக்கி, ஒரு பாடத்தைத் தெரிந்து மூலத்தில் அமைத்து, வேறுபட்டனவற்றைப் பிரதிபேதங்களாகச் சுட்டும் நெறி இத்தகைய பெருமக்களின் உழைப்பினால் தமிழில் நிலைபெற்றது. எனினும் பிரதிபேதக் குறிப்பு என்பது ஓர் ஏட்டின் சிதறிய துணுக்கே. அவ்வேடு முழுமையாக எவ்வாறு இருந்தது என்பதை அக்குறிப்பைக் கொண்டு வாசகன் மீளக் கட்டியெழுப்புதல் அரிது. பழம்பிரதி முழுவதையும் அதன் பிழைகளோடு முன்வைப்பதால், அச்சுப் பதிப்பு தர இயலாத ஒன்றைக் 'கேட்' தருகின்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதனாற் பதிப்பாசிரியரின் தேவை ஒழிந்தது என்று கொள்ளுதல் தவறாகும். எந்தப் பாடம் சிறந்தது, ஏன் மாற்றப்பட்டது என்பன பற்றி இக்கட்டளை எதுவும் கூறாது. பெட்டகத்தைத் திறந்து ஏட்டைக் கையில் எடுத்துக் கொடுக்கும் நூலகப் பணியாளரின் தொழில் எதுவோ அதுவே இதன் தொழில். ஏட்டைப் படித்தல் படிப்பவரின் பொறுப்பு.

எங்கு நின்று நோக்குவது?

பழைய நிலையைக் காட்டுக என்று கேட்பது எளிய வேண்டுகோளாகவே தோன்றும். ஆனால் 'இந்தப் பெயருடைய கோப்பு' என்னும்பொழுது, இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கும் கோப்பா, அன்று அப்பெயரைத் தாங்கியிருந்த கோப்பா என்ற கேள்வி உடன் எழுகின்றது. இக்கேள்வியை மறைக்காது பயன்படுத்துவோரின் முன் வைத்தமையே சப்வேர்ஷனின் தனிச்சிறப்பாகும். அதன் 'கேட்' கட்டளைக்கு இரண்டு எண்களைக் கொடுக்கலாம். கோப்பின் பெயருக்குப் பின்னர் 'அட்' குறியிட்டு எழுதப்படும் எண், எக்காலத்தில் நின்று அப்பெயரைப் பொருள்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும். இதனை முளையெண் எனலாம். 'ஆர்' என்ற குறியோடு வரும் எண், அவ்வாறு இனங்காணப்பட்ட பொருளை எக்காலத்து நிலையிற் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும். களஞ்சிய முகவரியைக் கொண்டு தேடுவோர் முளையெண் கொடாதுவிடின் அண்மைய நிலையே முளையாகக் கொள்ளப்படும். இதன் விளைவு சிறிதன்று என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டு உணர்த்தும்.

கலவான, இரத்தினபுரி மாவட்டத்திற் சிங்கராஜ வனத்தை அண்டிய பிரதேசமாகும். தேயிலையும் இறப்பரும் பயிராகும் அப்பகுதியிலே தமிழ்த் தொழிலாளர் சிங்களக் கிராமங்களிடையே ஆங்காங்கு அமைந்த லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். நுவரெலியா மாவட்டத்திற் போன்று பெருந்தொகையாகச் செறிந்து வாழாமையால், சப்பிரகமுவத் தோட்டங்களின் வழக்காறுகள் மலையகம் பற்றிய பொதுப்பேச்சிற் கரைந்துவிடும் இயல்புடையன. அங்குள்ள தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்தெடுக்கும்போது பாடும் பாடல்களையும் ஒருவர் தொகுத்து, 'கலவானத் தோட்டப் பாடல்கள்' என்ற பெயருடைய கோப்பாக ஐந்தாந் திருத்தத்தில் இட்டார் எனக் கொள்வோம். இருபதாந் திருத்தத்தில் மற்றொருவர் அக்கோப்பை நீக்கி, அதிலிருந்து தெரிந்தெடுத்த சிலவற்றைச் சப்பிரகமுவப் பாடல்கள் என்ற பொதுத்தொகுதியிற் சேர்க்கிறார். முப்பதாந் திருத்தத்தில் வேறொருவர் பழைய பெயரிலேயே முற்றிலும் புதிய கோப்பொன்றை இடுகிறார். இன்று நின்றுகொண்டு, 'இப்பெயருடைய கோப்பின் ஐந்தாம் நிலையைக் காட்டு' என்று கேட்டால், சப்வேர்ஷன் புதிய கோப்பின் முன்வரலாற்றையே பின்தொடர்ந்து செல்லும். ஐந்தாந் திருத்தத்தில் அதற்கு முன்னோர் எவரும் இலராதலின், அத்தகையது இல்லை என்று விடையிறுக்கும். ஐந்தை முளையெண்ணாகக் கொடுத்து, அக்காலத்தில் நின்றே கேட்டால் முதற்றொகுப்பு முழுமையாகத் திரையிலே தோன்றும்.

பொருள் களஞ்சியத்தினுள் இருந்தது. இல்லையென்ற விடையும் கிடைத்தது. இரண்டும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. நோக்குநிலை இன்றையதாக இருக்கும்பொழுது, இன்று வரை தொடராத யாவும் ஒருபோதும் இருந்திராதனவாகவே தோற்றமளிக்கும்.

மலையக மக்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இத்தோற்றம் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிற்கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா சென்றோருட் பலர் நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரை வடக்கு நோக்கிப் பெயரச் செய்தன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்குதல்களுக்கு உள்ளாயின. தோட்டங்களும் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்குக் கைமாறின. இந்நிலையிற் கலவானத் தோட்டமொன்றின் இன்றைய பெயர்ப்பட்டியலைக் கையிற்கொண்டு அதன் பழைய பாடல்களைத் தேடிச் செல்வோருக்கு, அவற்றைப் பாடிய குடும்பங்கள் அப்பட்டியலில் அகப்படாமற் போகலாம். அப்பாடலைக் கூடலூரிலோ வவுனியாவிலோ முதிய பெண்ணொருத்தி இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஆகவே தேடலின் முளையை அக்குடும்பங்கள் அங்கிருந்த காலத்திலே நாட்டுதல் அவசியமாகின்றது.

எழுத்துருவும் உறவுமுறையும்

கிட் இப்பிரச்சினையை வேறு வகையில் அணுகுகின்றது. அதன்கண் ஒவ்வொரு பதிவும் களஞ்சியம் முழுவதன் நிழற்படத்தை ஒத்தது. பதிவின் அடையாளத்தையும் கோப்பின் பெயரையும் சேர்த்தே கேட்க வேண்டுமாதலால், பெயர் அப்பதிவின் காலத்தில் நின்றே பொருள்கொள்ளப்படும். மேலே கண்ட குழப்பத்துக்கு இங்கு இடமில்லை. அடையாளம் என்பதும் எவரோ இட்ட தொடரெண் அன்று. உள்ளடக்கத்தினின்று கணிக்கப்படும் நாற்பது இலக்க முத்திரையே வழக்கமான அடையாளமாகும். ஓரெழுத்து மாறினும் முத்திரை மாறிவிடுமாதலின், பழம்பிரதியை மறைவாகத் திருத்துதல் எளிதன்று.

ஆயின் ஒரு குறையும் உண்டு. ஒரு கோப்பு பெயர் மாறிற்று என்பதைக் கிட் பதிந்து வைப்பதில்லை. கேட்கப்படும்பொழுது இரு கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, பாதியளவேனும் ஒத்திருந்தால் ஒன்றன் வழிவந்ததே மற்றையது என ஊகிக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதப்படும் நிரல்களுக்கு இவ்வூகம் பெரும்பாலும் போதுமானது. தமிழ் நூற்களுக்கு அவ்வாறன்று என்பதற்குத் தமிழ்க் கணிமையின் வரலாறே சான்றாகும்.

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்கள், ஒருங்குறி பரவலாவதற்கு முற்பட்ட குறியேற்றங்களில் அமைந்தவை. அவற்றுட் புகழ்பெற்றது திஸ்கி என வழங்கும் குறியேற்றம். அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே வைக்கப்படும். ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னர் நிற்கும். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். அன்றியும், திஸ்கியில் ஒரு பைட்டில் அடங்கிய வடிவம் இன்று வழங்கும் ஒருங்குறிச் சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே குறியேற்றம் மாற்றப்பட்ட கோப்பு, சொல்லளவில் ஓரெழுத்தும் மாறாதிருப்பினும், பைட்டளவில் முற்றிலும் வேறாகிவிடுகின்றது. குறியேற்ற மாற்றத்தையும் பெயர் மாற்றத்தையும் ஒரே பதிவிற் செய்துவிட்டால், பழையது நீக்கப்பட்டது, தொடர்பற்ற புதியதொன்று பிறந்தது என்றே கிட் முடிவுசெய்யும். தாய்க்கும் பிள்ளைக்குமுள்ள உறவு அறுந்துவிடும். அத்தகைய களஞ்சியத்தில் 1999ஆம் ஆண்டின் பிரதியைக் 'கேட்' கொண்டு நோக்கினாலும், இன்றைய திரையிலே பொருளற்ற குறிகளே நிரம்பும். பிரதி பேணப்பட்டுள்ளது, வாசிப்பதற்கான திறவுகோலே உடன் இல்லை. கட்டளை தனக்குக் கொடுக்கப்பட்ட பைட்டுகளை மாற்றாது தருகின்றது என்பதனால், பழியை அதன்மேற் சுமத்துதல் நியாயமாகாது. எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதைக் கோப்பின் தலைப்பிலே குறித்துவையாத மனிதரின் குறை அது.

கோப்பின் பெயரைத் தமிழில் இடுவோர் மற்றொரு புதுமையையும் காண்பர். பட்டியலிடும்பொழுது கிட் தமிழ்ப் பெயர்களை இயல்பாகக் காட்டுவதில்லை. 'க' என்ற ஓரெழுத்து 340, 256, 225 என எட்டின் அடியிலான மூன்று எண்களாக விரியும். 'கலவான' என்னும் பெயர் பதினைந்து எண்களாகத் திரையில் நீளும். அமைப்புக் குறிப்பொன்றை மாற்றுவதால் இது நீங்குமாயினும், எவருடைய எழுத்து இயல்பானது, எவருடைய எழுத்து விதிவிலக்கானது என்ற எண்ணத்தைக் கருவியின் தொடக்க அமைப்பே வெளிப்படுத்துகின்றது எனலாம்.

பாடியவர் யார்?

கோப்பைக் காட்டும் கட்டளைக்கு உடன்பிறப்பாக, ஒவ்வொரு வரியையும் இறுதியாக எழுதியவர் யார் என்று காட்டும் கட்டளையும் உண்டு. சப்வேர்ஷனில் அதே கட்டளைக்குப் பழித்தல், புகழ்தல் எனப் பொருள்படும் இரு பெயர்களும் வழங்குவது சுவையானது. குறியேற்றம் மாற்றப்பட்ட பாடற்றொகுதி மீது இக்கட்டளையை ஏவினால், வரிகள் அனைத்தும் குறியேற்றத்தை மாற்றியவரின் பெயருக்கே உரியனவாகும். கிட் ஒருபடி மேலே சென்று, ஆக்கியவர், பதிவுசெய்தவர் என இருவரை வேறுபடுத்துகின்றது. ஆனால் நாட்டார் பாடலைப் பொறுத்தவரையிற் குறைந்தது மூவர் உளர்: பாடியவர், கேட்டு எழுதியவர், களஞ்சியத்தில் இட்டவர். முதலாமவருக்கு எம்முறைமையிலும் தனியிடம் இல்லை.

தோட்டத்துப் பெண்கள் பாடிய பாடல்கள் தொகுப்பாளரின் பெயரால் மாத்திரம் அறியப்படும் நிலை, கணினிக்கு முற்பட்டதே. அச்சு நூலின் முகப்பிலும் பாடியவருக்கு இடமிருந்ததில்லை. புதிய கருவி பழைய அநீதியைத் தன் அமைப்பிலே தொடர்கின்றது என்பதே இங்குச் சுட்ட வேண்டியது. அன்றியும், பாடல் ஒவ்வொரு முறை பாடப்படும்போதும் சிறிது மாறுகின்றது. தாலாட்டிலே பிள்ளையின் பெயரும் மாமன்மாரின் வரிசையும் வீட்டுக்கு வீடு வேறுபடும். களஞ்சியமோ பதியப்பட்ட கணங்களை மாத்திரமே அறியும். இரு பதிவுகளுக்கு இடையே பாடப்பட்டவற்றை எக்கட்டளையாலும் காட்டுதல் இயலாது. தொகுப்பாளர் செப்பஞ்செய்த பின்னரே முதற்பதிவை இடுவாராயின், முதல் திருத்தநிலை என்று திரையில் தோன்றுவதும் உண்மையில் இரண்டாம் நிலையே.

மதிப்பீடு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரு முறைமைகளும் இரு வேறு நற்பண்புகளை உடையன என்பது தெளிவாகும். கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்பிப்பதிற் சப்வேர்ஷனின் 'கேட்' மேம்பட்டு நிற்கின்றது. எக்காலத்தில் நின்று கேட்கின்றாய் என்று அது வினவுவது வரலாற்று மாணவன் தனக்குத்தானே வினவிக்கொள்ள வேண்டியதாகும். காத்தற்றொழிலிலே கிட் மேம்பட்டது. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சில வேறெங்கும் பிரதியில்லாதவை. முழு வரலாறும் பல கைகளில் உறையும் களஞ்சியம், அத்தகைய அழிவுக்கு எதிரான காப்பாகும். எனினும் கிட்டில் வரலாற்றையே திருத்தியெழுதும் வசதி உண்டு. அவ்வாறு கைவிடப்பட்ட பழம்பதிவுகள் சில காலத்தின் பின்னர் துப்புரவு செய்யப்பட்டுவிடும். ஆகவே பொது உடைமையான பாடற்றொகுதிகளில் அவ்வசதியைக் கையாளாதிருத்தல் ஒழுக்கமாகக் கொள்ளப்பட வேண்டும்.

கலவான போன்ற பிரதேசங்களின் வழக்காறுகளைத் தொகுக்க முன்வரும் மாணவர்க்கு இவ்வாராய்வு சில நெறிகளை வகுத்துத் தருகின்றது. கேட்டு எழுதியதைச் செப்பஞ்செய்வதற்கு முன்னரே, தயக்கங்களோடும் பிழைகளோடும் முதற்பதிவாக இடவேண்டும். பாடியவரின் பெயரை அவரது சம்மதத்தோடும், தோட்டப் பிரிவையும் நாளையும் குறியேற்றத்தையும் கோப்பினுள்ளேயே எழுத வேண்டும். கருவி இடந்தரவில்லையாயின் பனுவல் இடந்தரட்டும். பெயர் மாற்றமும் குறியேற்ற மாற்றமும் தனித்தனிப் பதிவுகளாக அமைய வேண்டும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் குறித்தல் நன்று. இவை யாவும் சிறு செயல்களே. ஆயினும் இவற்றைச் செய்யாத தொகுதியிற் 'கேட்' கட்டளை காட்டுவது, அழகாகப் பேணப்பட்ட அரைகுறை உண்மையாகவே அமையும்.

பழையதைக் காட்டுக என்று கேட்போருக்கு, உள்ளே வைக்கப்பட்டதை அக்கட்டளை கூட்டாதும் குறைக்காதும் காட்டுகின்றது. ஒரு கருவியிடம் இதனினும் மிகுதியாக எதிர்பார்த்தல் முறையன்று. எதனை உள்ளே வைப்பது, எக்காலத்தில் நின்று கேட்பது, யாருடைய பெயரால் வைப்பது என்னும் மூன்றையும் தீர்மானிக்க வேண்டியோர் தொகுப்போரும் கற்போருமே. சப்பிரகமுவத் தோட்டங்களின் பழம்பாடல்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனராதலின், அத்தீர்மானங்களைப் பிற்போடுவதற்கு அதிக காலம் இல்லை.